அண்ணியிடம் கேட்டு எழுதியது

எங்கள் வீட்டில் அப்போது மேசை என்று ஒன்று கிடையாது. இருந்தது அண்ணியின் தையல் மெஷின்தான். மெஷின் தலையை உள்ளே மடக்கிப் பலகையை மூடிவிட்டால் மேல்பக்கம் சமமாகிவிடும். ஒரு முழு வெள்ளைத்தாளும் பக்கத்தில் ஒரு டம்ளரும் வைக்க இடம் இருக்கும். என் முதல் நாவலை அந்தப் பலகையின் மேல்தான் எழுதினேன். எழுதும்போது கால் தானாகவே மிதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாக்கியம் வராமல் தவிக்கிற நேரங்களில் என்னையறியாமல் மிதிப்பேன், சக்கரம் சும்மா சுற்றும். உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுப்பார்.

"அவ எழுதுறாளா, தைக்கிறாளா?"

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. மரக்காணத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் நானும் என் கணவரும், மூன்றாவது படிக்கும் எங்கள் மகளும், மாமியாரும், அண்ணியும் இருந்தோம். என் கணவர் உப்பளத்தில் மேஸ்திரி. பாத்தி கட்டுவதிலிருந்து லாரியில் உப்பு ஏற்றி அனுப்புவது வரை அவர் பொறுப்பு. அண்ணி ரவிக்கை தைப்பார். அண்ணியின் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டியவர். நான் மருமகளாக வந்து சில வருஷம் கழித்து, ஒருமுறை ஆந்திராவுக்கு லோடு கொண்டுபோனவர், லாரியைக் கூடப்போன இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். வேறு ஒரு பெண்ணோடு இருப்பதாகப் பேச்சு வந்தது. அண்ணிக்குக் குழந்தை இல்லை. ஒரு பெட்டியும் இந்த மெஷினுமாகத் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்து ஓரிரண்டு வருஷம் கழித்து ஒரு முறை, நெல்லூரைத் தாண்டி ஒரு ஊரில் ஆளைப் பார்த்ததாக லோடு ஏற்றுகிறவர் ஒருவர் சொன்னார். என் கணவர் கிளம்பிவிட்டார். அண்ணிதான் தடுத்தார். "நீ போனா அடிதடி ஆயிடும். நானே போறேன்" என்று தனியாக பஸ் ஏறிப் போனார். மறுநாள் திரும்பி வந்து, "அந்த ஊர்ல அப்படி ஒரு ஆளே இல்ல" என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை. என் கணவர் மட்டும் லோடுக்கு வருகிற ஒவ்வொரு ஆந்திர லாரிக்காரரிடமும் விசாரித்துக்கொண்டே இருந்தார். சரியாகத் தெலுங்கு தெரியாது அவருக்கு. கையால் உயரம் காட்டி, கன்னத்தில் மச்சம் காட்டி, விசாரிப்பார்.

நான் திண்டிவனத்துக்காரி. பி.ஏ. படித்தவள். பத்திரிகைகளில் சில கதைகள் வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர், "உங்க ஊரைப் பத்தி நாவலா எழுதுங்களேன்" என்றார். 2004 மழைக்காலத்தில் ஆரம்பித்தேன். உப்பளத்தில் வேலை ஓய்ந்து ஊரே சோம்பிக்கிடக்கும் மாதங்கள் அவை.

மேசைக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணிதான் மெஷினை மடக்கிக் காட்டினார்.

"காலையில நீ எழுதிக்க. சமையலை நான் பாத்துக்கறேன். மத்தியானத்துக்கு மேல நான் தெச்சிக்கறேன்."

"உங்களுக்கு வெளிச்சம் வேணாமா அண்ணி?"

"ஊக்கு வெக்கிறதுக்கும் காஜா எடுக்கிறதுக்கும் என்னா பெரிய வெளிச்சம்? நீ எழுது."

மெஷின் இருந்த முன்னறைக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். காலையில் ஜன்னல் வழியாகக் காற்று வரும். மத்தியானம் அந்த அறையில் தலை வெடிக்கும். நல்ல நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, அந்த வெக்கையில் உட்கார்ந்து அண்ணி தைத்தார். நான் காற்றில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்து எழுந்து போனால் சாதம் வடித்திருக்கும், என் மகளுக்கு ரெட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பியிருப்பார், என் துணியும் சேர்த்துத் துவைத்துக் கொடியில் போட்டிருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால், பட்டப்பகலில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லத் திணறுவேன். "அவ எழுதுறா" என்று அண்ணி சொல்வார், கணக்குப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்குக் குற்ற உணர்வு இருந்தது. ஆனால் அது சமையலைப் பற்றியும் துணியைப் பற்றியும் மட்டும்தான். சாயங்காலம் பாத்திரம் கழுவினால் சரியாகிவிடுகிற அளவுக்குத்தான் அது இருந்தது. உண்மையில் வெட்கப்பட வேண்டியது தாளில் இருந்தது. உப்பு லாரி டிரைவர் ஒருவன் விட்டுப்போன மனைவியைத்தான் நான் நாவலின் நடுவில் வைத்திருந்தேன். அவளுக்கு வேறு ஊர், வேறு சாதி, வேறு மூக்கு எல்லாம் கொடுத்திருந்தேன். மெஷினுக்குப் பதில் அவளுக்கு ஒரு இட்லிக் கடை. ஆனாலும் அது அண்ணிதான். இரண்டு அறைகள் தள்ளி அண்ணி வெங்காயம் அரிந்துகொண்டிருக்க, அண்ணியின் மெஷின்மேலேயே அண்ணியை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த டிசம்பரில் அலை வந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. அனுமந்தைப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஈரத் துணியோடு ஓடிவந்தவர்களைத்தான் பார்த்தோம். அண்ணி வீட்டிலிருந்த துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார், அங்கேதான் ஜனங்களைத் தங்கவைத்திருந்தார்கள். கழுவெளி ஏரி வழியாகக் கடல் உள்ளே வந்து உப்பளத்து வரப்புகள் கரைந்துவிட்டன. பாத்திகளில் சேறு நிறைந்தது. என் கணவர் மாதக்கணக்கில் சேற்றிலேயே நின்றார். நான் சில வாரம் ஒரு வரியும் எழுதவில்லை. ஊர் இப்படிக் கிடக்கும்போது என்ன நாவல் என்று தோன்றியது. பிறகு ஒரு காலையில் அண்ணியே மெஷினை மடக்கித் துடைத்து வைத்துவிட்டு, "எத்தினி நாளு சும்மா இருப்ப?" என்றார்.

கோடை முடிவதற்குள் முதல் படியை முடித்தேன். கடல்காற்றில் தாள்கள் அப்பளம் நமத்ததுபோல் தொய்ந்திருந்தன. குண்டூசியெல்லாம் துருப்பிடித்து ஒவ்வொரு அத்தியாயத்தின் மூலையிலும் பழுப்பாக வட்டம் போட்டிருந்தது. புதுச்சேரிக்குப் போய்ப் படியெடுத்துச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். சில வாரத்தில் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உப்பளம் நல்லா வந்திருக்குதும்மா. அந்த டிரைவர் பொண்டாட்டி மட்டும் சரியா வரல. அவ ஏன் அப்படியே உக்காந்திருக்கா? போய்த் தேடவும் மாட்டேங்குறா, மறக்கவும் மாட்டேங்குறா. சிலை மாதிரி இருக்கா. அவ மனசுல என்ன இருக்குதுன்னு உங்களுக்கே தெரியலன்னு நெனைக்கிறேன்."

உண்மைதான், எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் நான் அண்ணியிடம் கேட்டதே இல்லை.

அப்போதுதான் கேட்க ஆரம்பித்தேன்.

மத்தியானம் அண்ணி தைக்கும்போது பக்கத்தில் போய் உட்காருவேன். ஊக்கு தைத்துக் கொடுப்பேன், நூல் பிரித்துக் கொடுப்பேன். சுற்றி வளைத்துப் பேச்சை அங்கே கொண்டுபோவேன். கல்யாணமான புதிதில் எங்கே குடியிருந்தீர்கள்? அவர் சாப்பாட்டில் என்ன பிடிக்கும்? லோடு முடித்து வந்தால் முதலில் என்ன செய்வார்? அண்ணி முதலில் ஒரு வரியில் பதில் சொன்னார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. போகப்போக, நான் போய் உட்கார்ந்ததுமே தையலை நிறுத்திவிட்டு அவரே ஆரம்பிப்பார். என் மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டால், "சரி, நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துகொள்வார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அவருக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை, அதே பலகைமேல், அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினேன்.

சிநேகிதம் பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த மத்தியானங்கள் பிடித்திருந்தன. ஆனால் அவர் குரல் கம்மியபோதெல்லாம் என் மனதின் ஒரு பக்கம், 'இந்த வார்த்தையை மறந்துவிடாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மாமியார் ஒரு பேச்சை எடுத்தார். அலை வந்து வருஷம் ஆகப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஆந்திராக் கரையிலயும் எத்தினியோ பேரு போயிட்டாங்களாமே. அந்தாளும் போயிருப்பான். இல்லன்னா இத்தினி வருஷத்துல ஒரு சேதி வராமலா இருக்கும்? ஒரு காரியத்தைப் பண்ணி முடிச்சிட்டா இவளுக்கும் ஒரு தெளிவு பொறக்கும்."

"வேணாம்மா" என்றார் அண்ணி.

"ஏண்டி? இன்னும் வருவான்னு நெனச்சிட்டிருக்கியா?"

"வேணாம்னா வேணாம்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். என் கணவர் தலைகுனிந்து சாப்பிட்டார். "அக்கா இன்னும் அந்த ஆளை நெனச்சிட்டேதான் இருக்குது" என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்த வாரம் லோடுக்கு வந்த லாரிகளிடம் இன்னும் அதிகமாக விசாரித்தார்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் அண்ணி வேணாம்னீங்க?"

அண்ணி ஊசியை ரவிக்கைத் துணியில் குத்திவைத்தார்.

"உசுரோட இருக்கிற ஆளுக்கு எப்படிம்மா காரியம் பண்றது?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"நான் பாத்தேன். அன்னிக்குப் போனேனில்ல? அங்கதான் இருந்தாரு. ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை. பின்னாடியே வீடு. கயித்துக் கட்டில்ல உக்காந்து மடியில ஒரு குழந்தையை வெச்சிட்டிருந்தாரு. வேர்க்கடலையை உரிச்சு, தோலை ஊதி ஊதி அது கையில குடுத்திட்டிருந்தாரு. எதிர்ல டீக்கடை. அங்க நின்னு பாத்தேன். கடைக்காரன் தெலுங்குல என்னமோ கேட்டான். டீயைக் கைகாட்டினேன். குடிச்சேன். வந்துட்டேன்."

"கூப்பிடலியா?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு. அதான் அவரு சுபாவம். யாரு கூப்பிட்டாலும் கூடவே போயிடுவாரு. இங்க வந்து சொன்னா தம்பி போயி இழுத்துட்டு வந்துடுவான். அந்தக் குழந்தை என்னாவும்?" கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "அதுகூட இல்லம்மா. அங்க நின்னப்போ எனக்கே அந்த ஆளு வேணாம்னு தோணிடிச்சி. கோவம்கூட வரல. இதைப் போயி நான் யாருகிட்ட சொல்லுவேன்? புருஷனைத் தேடிப் போனவ, பாத்துட்டு வேணாம்னு வந்துட்டான்னா ஊரு என்னா சொல்லும்? ஆளே இல்லன்னுட்டேன். தம்பி ஒவ்வொரு லாரியா ஓடுறதைப் பாக்கும்போது வயிறு எரியுது. சொல்லிடலாம்னு வாயெடுப்பேன். முடியாது."

திரும்பும் முன் அங்கே அவர் செய்த இன்னொரு சின்னக் காரியத்தையும் அன்று சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"யாருகிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை அதை எழுதினேன். எழுதாமல் இருக்க முயன்றேன் என்று சொன்னால் பொய். விடிந்ததிலிருந்து பலகை எப்போது காலியாகும் என்று காத்திருந்தேன். நாவல் முழுவதிலும் அவ்வளவு வேகமாக எழுதிய பக்கங்கள் வேறு இல்லை. சிலை அசைந்துவிட்டது. எழுதி முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடே சமையலறைக்குப் போனேன், அண்ணி எனக்கு முருங்கைக்கீரை அடை சுட்டுப் போட்டார். சாப்பிட்டேன். வேறு ஊர், வேறு பெயர், யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணவர் நான் எழுதுவதைப் படித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் புத்தகமாக வந்தால் படிப்பார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். வாரக்கணக்கில் அப்படியே தள்ளினேன். அண்ணி என் மகளுக்குத் தலைவாரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினேன். மத்தியானத்தில் பக்கத்தில் போய் உட்காருவதும் குறைந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதனால்தான் குறைந்தது என்று அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. திருத்த வேலை அதிகம் என்றேன்.

"இன்னிக்கு வரலியா?" என்று அண்ணி ஒருநாள் கேட்டார்.

"வேலை இருக்குது அண்ணி."

"சரி சரி, நீ பாரு."

திருத்திய படியை அனுப்பினேன். தை மாதத்தில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. எங்கள் வீட்டில் அது கூடத்து ஸ்டூலின் மேல் இருக்கும். ஆசிரியர்தான். அவர் குரலிலேயே தெரிந்தது.

"படிச்சு முடிச்சேம்மா. அவ அந்த ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற அத்தியாயம்... என்னால தாண்டவே முடியல. அந்தக் கடைசியில அவ செய்யறது இருக்குது பாருங்க, அது எப்படித் தோணிச்சு உங்களுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. எதிர்த் தெருக் குழாயில் அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மாமியாரும் வெளியே போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை என்ற நினைப்பில் குரலை உயர்த்தியே பேசினேன்.

"அவ டீக்கடையில நின்னு புருஷனைப் பாக்குறா, கூப்பிடாம திரும்பிடுறான்னு ஒரு காட்சி வந்திச்சு சார். அங்கேருந்து எல்லாம் தானா வந்துடிச்சு."

"யாராச்சும் சொன்ன கதையா?"

"இல்ல சார். கற்பனைதான்."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசற்படிக்கு உள்ளே, இடுப்பில் குடத்தோடு அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

ஆசிரியர் மறுபக்கம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் "அப்புறம் பேசறேன் சார்" என்று வைத்துவிட்டேன். அண்ணி என்னைத் தாண்டிப் போய்க் குடத்தை இறக்கினார். முந்தானையில் கையைத் துடைத்தார். முன்னறைக்கு வந்தார். பலகைமேல் இருந்த என் தாள்களை அடுக்கி, காற்றில் பறக்காதபடி என் மகளின் சிலேட்டை மேலே வைத்து, கட்டிலின் மேல் வைத்தார். பலகையைத் திறந்து மெஷினை மேலே தூக்கினார். அது காலை நேரம், என் நேரம். உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

"அண்ணி" என்றேன்.

மெஷின் நிற்கவில்லை.

அன்று சமையல் நான் செய்தேன். சாப்பிடக் கூப்பிட்டபோது மாமியாரோடு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார், உப்பு குறைவு என்று மாமியார் சொன்னபோது டப்பாவை எடுத்து நகர்த்தினார். சாயங்காலம் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்கட்டில் போய் நின்றேன்.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடறேன் அண்ணி. இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"எடுத்துடு. எங்கிட்ட கேட்டியே, அதை எப்படி எடுப்ப?"

அவர் என் மகளின் பாவாடையை மடித்து வைத்தார்.

"நீ எழுதுறது தப்புன்னு நான் சொல்லல. நீ எழுதறவதானே, எதையாச்சும் எழுதத்தான் செய்வ. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'அண்ணி, இதை எழுதிக்கட்டுமா'ன்னு கேட்டிருக்கலாமில்ல? நீ பக்கத்துல வந்து உக்காந்து, அப்புறம் என்னா ஆச்சு, அப்புறம் என்னா ஆச்சுன்னு கேக்கும்போது, எனக்காகத்தான் கேக்கிறன்னு நெனச்சிட்டேன்."

"உங்களுக்காகவும்தான் அண்ணி..."

"வுடும்மா."

அழுதது நான்தான். அவர் அழவில்லை. துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, "கற்பனைன்னு வேற சொன்ன" என்றார். அதில்தான் அவருக்கு அதிகமாகக் கோபம் இருந்ததுபோல் எனக்குப் பட்டது.

மறுநாள் காலை என் கணவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி எதிரில் வந்து உட்கார்ந்தார். மாமியார் பக்கத்தில் இருந்தார். நான் அடுப்பங்கரைக் கதவோரம் நின்றேன்.

"தம்பி, இனிமே லாரிக்காரங்ககிட்ட விசாரிக்காத. நான் அன்னிக்கே அந்த ஆளைப் பாத்துட்டேன். பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னார், என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. என் கணவர் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. முடித்ததும் மாமியார்தான் கேட்டார்.

"குழந்தை ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"ம்" என்றார் மாமியார். அவ்வளவுதான். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"எல்லார்கிட்டயும் கேட்டேனேக்கா" என்றார் என் கணவர். குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. "பாஷை தெரியாம கைய ஆட்டி ஆட்டிக் கேட்டேன். சிரிப்பானுங்க. பரவாயில்ல, அக்காவுக்காகத்தானேன்னு கேட்டேன்."

"தெரியும்டா. தெரிஞ்சுதான் வாய மூடிக்கினு இருந்தேன். தப்புதான்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினார். செருப்புப் போடும்போது என்னைக் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மழைக்காலத்துல சொன்னாங்க."

"எழுதிட்டியா?"

ஒரு நாளும் என் எழுத்தைப் பற்றி எதுவும் கேட்காதவர். "எழுதிட்டேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை எடுத்தார். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. அக்காவின்மேல் இருந்த வருத்தம் அவருக்குச் சீக்கிரமே போய்விட்டது. வாரக் கடைசியில் அனுமந்தையிலிருந்து மீன் வாங்கிவந்து, "அக்கா, நீ வைக்கிற மாதிரி வை" என்று கொடுத்தார். என்மேல் இருந்தது வருத்தமா என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கும்போது லோடு ஏற்றுகிறவர்களின் கதைகளைச் சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்.

காரியம் செய்யும் பேச்சு அதோடு நின்றது. சில மாதம் கழித்து ஒரு காலையில் அண்ணி கழுத்தில் தாலி இல்லை. மெல்லிய செயின் ஒன்று இருந்தது. யாரும் கழற்றச் சொல்லவில்லை, யாரையும் அவர் கேட்கவும் இல்லை. மாமியார் ஒரு தடவை பார்த்தார், பிறகு காபி கேட்டார். அவ்வளவு வருஷம் எல்லாரும் பயந்துகொண்டிருந்த ஒன்று அப்படி முடிந்தது. 'பார், உன் புத்தகத்தால் நல்லதுதானே நடந்தது' என்று என் மனம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தது. அதை நான் நம்பவில்லை. நடந்த நல்லது அண்ணி செய்தது. நான் செய்தது தொலைபேசியில் பெருமை பேசியது.

அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் பேசினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இல்லன்னா அவ மறுபடியும் சிலைதான்மா" என்றார். ஒரு மாதம் அதை வைத்துக்கொண்டு உழன்றேன். டீக்கடையை எடுத்துப் பெட்டிக்கடையாக்கினேன், பஞ்சர் கடையை எடுத்துச் சைக்கிள் கடையாக்கினேன். எல்லாம் பொய்யாக நின்றது. கடைசியில், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பக்கங்களை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன்.

"அண்ணி, இதைப் புத்தகத்துல வெச்சிக்கட்டுமா? வேணாம்னா கிழிச்சிடறேன்."

"படி" என்றார். தையலை நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாக மிதித்தார். நான் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கடைசியில் அவர் செய்த அந்தச் சின்னக் காரியம் வந்த இடத்தில் மெஷின் நின்றது.

"அதை மட்டும் வுட்டுடு" என்றார். "மத்ததை வெச்சிக்க. தம்பிக்கும் அம்மாவுக்கும் தெரிஞ்சாச்சு. ஊருக்குத் தெரிஞ்சா தெரியட்டும். அது மட்டும் வேணாம். அது எனக்கு இருக்கட்டும்."

விட்டுவிட்டேன். அதுதான் ஆசிரியரால் தாண்ட முடியாமல் போன இடம். அவர் மிகவும் வருத்தப்பட்டார். புத்தகத்தில் அந்த இடத்தில் அவள் சும்மா பஸ் ஏறிவிடுவாள். இதை இப்போது எழுதும் முன்பும் அண்ணியிடம் கேட்டேன். அதே பதிலைத்தான் சொன்னார்.

கோடையில் அண்ணி மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த பெண் ஒருத்தி, கடையின் ஒரு ஓரத்தைத் தைப்பதற்குக் கொடுத்தாள். "அங்க நாலு பேரு வருவாங்க, துணி நெறைய கெடைக்கும்" என்று அண்ணி சொன்னார். அது உண்மைதான், நிறையவே கிடைத்தது. என் கணவர் புதுச்சேரியிலிருந்து ஒரு பிளைவுட் மேசை வாங்கிவந்து முன்னறையில் போட்டார். முழுக்க என்னுடையது. காலை, மத்தியானம் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம். காலுக்குக் கீழே வெறும் தரை. அந்த மேசையில் உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்தினேன். வேறு எதுவும் ரொம்ப நாள் எழுத முடியவில்லை.

மழைக்கு முன்னால் புத்தகம் வந்தது. ஒரு படியை அண்ணியிடம் கொடுத்தேன். கடைக்கு எடுத்துப்போய், ஆள் இல்லாத நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். முடித்த அன்று இரவு சாப்பிடும்போது, "அந்த இட்லிக் கடைக்காரிக்கு நீ நல்லா வாய் குடுத்திருக்க. எனக்கு அவ்ளோ வாய் கெடையாது" என்றார். மாமியார் சிரித்தார், என் கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அண்ணி என்னிடம் பகை பாராட்டவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்தார். என் மகள் பெரியவளானபோது முதல் புடவைக்கு ரவிக்கை தைத்தது அவர்தான். விலைவாசி, தண்ணீர், யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் பேசுவோம். தன்னைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் பேசுவதில்லை.

ஒரே ஒருமுறை, வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தபோது, "அந்த வளையல் கடைக்காரி இருக்காளே, நேத்து எங்கிட்ட ஒண்ணு கேட்டா பாரு" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அந்தப் பழைய மத்தியானங்களின் சிரிப்பு அது. நான் கையை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். திரும்பியதுதான் தப்போ என்னவோ. என் முகத்தைப் பார்த்தார்.

"இதையும் எழுதிடுவியா?"

"இல்ல அண்ணி. சத்தியமா இல்ல."

"சும்மா கேட்டேன்" என்றார். புளியை முறத்தின் ஓரமாகத் தள்ளினார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். நாளைக்கு அமாவாசை, வாழைக்காய் வாங்க வேண்டும் என்றார்.